விடைபெறும் வகுப்பின் கடன்

கல்லூரி வாழ்வில் விழாக்கள் பல. பரிசளிப்பு விழா உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டி உண்டு. கலைமகள் விழா உண்டு. அவை யாவற்றினும் உள்ளத்தை ஒருங்கே மகிழ்விப்பதும் கனக்கச் செய்வதும் உயர்தர வகுப்பு மாணவர்க்கு நடைபெறும் பிரியாவிடை விழாவேயாகும். நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, தேவாரம் பாடி, அதிபர் வாழ்த்துரைத்தபின், மாணவ முதல்வர்கள் தத்தஞ் சின்னங்களைக் கழற்றி அடுத்த ஆண்டினரிடம் ஒப்படைக்கின்றனர். அவ்வேளையில் மண்டபத்தின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் முகங்களை நோக்குவோர்க்கு வேறு சொற்பொழிவு வேண்டுவதில்லை. அன்றைக்குக் கொழுந்து மலைக்குச் செல்லாது, ஒருநாட் பேரை இழந்து வந்தவர்கள் அவர்கள். தேயிலைக் கறை படிந்த விரல்களால் அவர்கள் கைதட்டும்போது, அவ்வொலி கல்லூரியைக் கட்டியெழுப்பிய பெரியோர்க்கெல்லாம் கேட்குமென்றே நாம் நம்புகின்றோம்.

இந்த யூபிலி மலரில், விடைபெறும் வகுப்பினையும் அதன் மாணவ முதல்வர்களையும் வாழ்த்தி எழுதுமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். மனமுவந்து வாழ்த்துகின்றோம். இஃது வெறும் முகமன் அன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றுக் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், ஆசிரியர் அனுப்பும் பாடத்தைப் பெறுதற்காகக் கைத்தொலைபேசியுடன் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறியவர்கள் இத்தலைமுறைப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அதில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம். அடுத்து வந்த 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலையும் பேருந்துக் கட்டணமும் ஏறியபோதும் படிப்பை விடாது தொடர்ந்தவர்கள் இவர்கள். இத்தகையோரை வாழ்த்தாது வேறு யாரை வாழ்த்துவது?

ஆயினும் வாழ்த்தோடு நில்லாது ஒரு கருத்தையுங் கூற விழைகின்றோம். அது சிலர்க்குக் கசக்கவுங் கூடும். யூபிலி ஆண்டென்பது இனிப்பு வழங்கும் ஆண்டு மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் ஆண்டுமாகும். ஆதலின் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

பதின்மூன்று ஆண்டுகள் கற்று ஒரு வகுப்பு வெளியேறுதல் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வியத்தற்குரிய செய்தியன்று. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அது செய்தியே. தென்னிந்தியாவினின்றும் எம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத்தொடங்கியது 1820களில். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் மலையெல்லாம் தேயிலையாயிற்று. தலைமன்னாரிலே கரையேறி மாத்தளைவரை காட்டுவழி நடந்த அம்முன்னோரை நினைந்து, 2023ஆம் ஆண்டில் அவ்வழியே மக்கள் நடைபயணஞ் சென்றதை யாவரும் அறிவர். அவ்வழியில் மடிந்தோர்க்குக் கல்லறையில்லை. உயிர்தப்பி மலையேறியோரின் பிள்ளைகளுக்கோ நெடுங்காலம் பள்ளியில்லை.

1907ஆம் ஆண்டில் வந்த கிராமப் பாடசாலைச் சட்டமே, தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்திற்று. ஆயின் பள்ளியென்று பெயர்பெற்றது பெரும்பாலும் ஓர் அறை. அதில் ஓர் ஆசிரியர். அவர்முன் ஐந்து வகுப்புகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் பிள்ளையின் கையிற் கூடை ஏறிற்று. 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில், கன்னங்கரா அவர்களின் அரும்பெரு முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோது, தோட்டப் பள்ளிகள் அந்நன்மைக்குப் புறம்பாகவே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மக்களின் குடியுரிமையையே பறித்தபின், அவர்தம் பள்ளிகளுக்காகப் பரிந்து பேச வலிமையுடையார் எவருளர்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின்னர், 1970களின் பிற்பகுதி முதலே, அப்பள்ளிகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. பின்னர் ஜெர்மனி நாட்டின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து, மலைநாட்டுப் பிள்ளைகளையே ஆசிரியராக்கித் தந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? இலவசக் கல்வி இந்நாட்டுக்கு வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே மலைநாட்டுக்கு வந்தது. ஒரு தலைமுறை பிந்தித் தொடங்கியவர், முன்னே சென்றவரோடு ஒரே பரீட்சை எழுதுகின்றனர். அவ்வாறு எழுதி வெளியேறும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு வெற்றியே. அதனைக் கொண்டாடுதல் தகும், மிகவுந் தகும்.

இனி எமது கருத்துக்கு வருவோம். கல்லூரி அலுவலகத்திலுள்ள பழைய இடாப்புகளை விரித்துப் பார்ப்போமாக. ஒரே தொகுதி மாணவர் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தபோது எழுதப்பட்ட இடாப்பையும், அவர்கள் பதின்மூன்றாம் வகுப்பை எய்தியபோது எழுதப்பட்ட இடாப்பையும் அருகருகே வைத்துப் படிப்போர், இடையிடையே சிவப்பு மையாற் கோடிடப்பெற்ற பெயர்களைக் காண்பர். அப்பெயர்களுக்குரியோர் எங்கே? ஒருவன் கொழும்பிலே புடைவைக் கடையில் நிற்கின்றான். ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில் இருக்கின்றாள். மற்றொருத்தி யாரோ ஒருவர் வீட்டிற் பிள்ளை பார்க்கின்றாள். வேறொருவன் நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்திலே உருளைக்கிழங்கு கிண்டுகின்றான். அவர்களும் நமது மாணவரே. பிரியாவிடை மேடையில் அவர்களுக்கு நாற்காலியில்லை. பழைய மாணவர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலிலும் அவர்கள் பெயரில்லை.

இந்நிலை ஒரு கல்லூரியின் குற்றமன்று. பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களெனக் குறிக்கப்பெற்றவற்றுள் நுவரெலியாவும் ஒன்று. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதம் மாவட்ட மக்கட்டொகையின்படியும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றது. இச்சலுகை பரீட்சை எழுதி முடித்தவர்க்கே பயன்படும். பாதிவழியில் நின்றவர்க்கு அது கைகொடாது. தோட்டப்புறத்துப் பள்ளிகளுட் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளோடோ சாதாரண தரத்தோடோ முடிகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானங் கற்பிக்கும் 1ஏபி பாடசாலைகள் மிகச் சில. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை நகரத்துப் பாடசாலைக்கு வரவேண்டும். அதற்குப் பேருந்து வேண்டும். பேருந்துக்குக் காசு வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் சிவப்பு மை ஆயத்தமாக நிற்கின்றது.

இங்கேதான் மாணவ முதல்வர் என்னும் பதவியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். மேலைநாட்டில் இம்முறைக்குப் புகழ்தேடித் தந்தவர், இங்கிலாந்தில் றக்பிப் பள்ளியின் தலைமையாசிரியராக 1828ஆம் ஆண்டு முதல் 1842இல் மறையும்வரை பணியாற்றிய தோமஸ் ஆர்னல்ட் என்பார். மேல்வகுப்பு மாணவரிடத்து நம்பிக்கை வைத்து, கீழ்வகுப்பினரை நெறிப்படுத்தும் பொறுப்பை அவர் ஒப்படைத்தார். இலங்கையின் ஆங்கிலக் கல்லூரிகளுக்கு அம்முறை கடல்கடந்து வந்தது. இந்துக் கல்லூரிகளும் அதனைக் கைக்கொண்டன. பொறுப்பைக் கொடுத்தே பொறுப்புணர்ச்சியை வளர்க்கலாம் என்பது அதன் உட்கருத்து. நல்ல கருத்தே.

ஆயின் மலைநாட்டுப் பிள்ளைக்கு இம்முறை புதிதன்று. இதனையொத்த ஒன்றை அவனுடைய பாட்டனார் பெரட்டுக்களத்திலே கண்டிருக்கின்றார். விடிகாலையிற் கொம்பு ஊதும். ஆட்கள் வரிசையில் நிற்பர். கங்காணி பேர் சொல்லுவார். பிந்தி வந்தவளை மலையினின்றும் திருப்பியனுப்புவார். குறித்த அளவு கொழுந்து பறியாதவளுக்கு அரைப்பேர் விழும். அக்காலத்துப் பெரிய கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை காசென்று துரையிடமிருந்து வருமானமுங் கிடைத்தது. அவர் அந்நியரல்லர், அவ்வாட்களின் ஊரவர், உறவினர். அவர்களுள் ஒருவராயிருந்தே அவர்கள்மேல் நின்றார். சில கங்காணிமார் கோயிலெழுப்பியதையும் பள்ளிக்கு உதவியதையும் மறுப்பாரில்லை. ஆயினும் அப்பதவியின் இயல்பு யாதெனின், மேலிருந்து வரும் கட்டளையைக் கீழே கொண்டுசெல்லுதல். கீழிருந்து எழும் குறையை மேலே கொண்டுசெல்லாமை.

காலை ஏழரை மணிக்குக் கல்லூரி வாயிலிற் சின்னம் அணிந்து, கையிற் குறிப்பேட்டுடன் நிற்கும் மாணவ முதல்வரைக் காணுந்தோறும் எமக்கு ஒரு வினா எழுவதுண்டு. இவர் தலைவரோ, கங்காணியோ?

இவ்வினாவை இன்றைய மாணவர்மீது எறிந்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது முறையன்று. நாமும் ஒருகாலத்தில் அச்சின்னத்தை அணிந்தவரே. 1974ஆம் ஆண்டில் அவ்வாயிலில் நின்றோம். எம்மினும் மூன்று வகுப்புக் கீழே ஒரு மாணவன் கற்றுவந்தான். நான்கு மைல் தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து நடந்தே வருவான். நாள்தோறும் பத்து நிமிடம் பிந்துவான். நாள்தோறும் அவன் பெயரை எழுதினோம். முதற்பாடம் முடியும்வரை வாயிலருகே நிறுத்தினோம். அவன் ஒருநாளும் காரணங் கூறியதில்லை. நாமும் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த தவணையில் அவன் வரவில்லை. அத்தவணை முடிவில், பிந்தி வருவோரே இல்லாத நிலையை உண்டாக்கியமைக்காக மாணவ முதல்வர் குழுவுக்குப் பாராட்டுக் கிடைத்தது. அப்பாராட்டைப் பெருமையுடனேயே ஏற்றோம்.

அஃது எத்தகைய காலமென்பதை இளைஞர் அறிதல் வேண்டும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிற்று. மாவுக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். தோட்டங்களிற் பட்டினியால் உயிர்கள் போயின. அம்மாணவனின் தாயும் தந்தையும் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்றுவிடுவர். அவன் சங்கக்கடை வரிசையில் நின்று மா வாங்கி வீட்டில் வைத்து, தங்கையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, அதன்பின்னரே நான்கு மைல் நடந்தான். இவ்வளவையும் செய்துவிட்டுப் பத்தே நிமிடம் பிந்திய ஒருவனை, இன்றாயின், மேடையேற்றி மாலையிட்டிருப்போம். இவையெல்லாம் அவனுடைய அயல் லயத்தவர் ஒருவர் வாயிலாகப் பிற்காலத்திலேயே எமக்குத் தெரியவந்தன.

அவனை மீண்டும் ஒருமுறை கண்டோம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ 975,000 மக்களின் கதியைத் தீர்மானிக்க முற்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென எழுதப்பட்டது. 1974இல் மற்றோர் ஒப்பந்தம் அவ்வெஞ்சியோரைச் சரிபாதியாகப் பகிர்ந்தது. அவ்வெண்களுக்குள்ளே வகுப்பறைகளும் அடங்கியிருந்தன. தலைமன்னாருக்குச் செல்வோர் ஏறும் கோச்சியை மக்கள் ஒப்பாரிக் கோச்சியென்றே அழைத்தனர். ஹற்றன் புகையிரத நிலையத்திற் பேரழுகை கேட்காத வாரமில்லை. ஒருநாள் அந்நிலையத்தில், பெயரெழுதிய மரப்பெட்டியின் அருகே தங்கையைக் கையிற் பிடித்தவனாய் அவன் நின்றான். எம்மைக் கண்டதும் பழக்கத்தால் நிமிர்ந்து நின்றான். பின்னர்ச் சிரித்து, “இன்றைக்குப் பிந்தவில்லை, அண்ணே” என்றான். மறுமொழி சொல்ல எமக்கு வாயெழவில்லை. அதுவே அவனுக்கு நாம் நடத்திய பிரியாவிடை விழா.

நீலகிரியிலே அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறிய பல்லாயிரவருள் அவனும் ஒருவனாயிருக்கலாம். வேறெங்கோ சென்றிருக்கவுங் கூடும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவன் குடும்பம் கப்பலேறியதற்கு நாம் பொறுப்பல்லோம். ஆயின் இந்நாட்டில் அவன் கழித்த கடைசித் தவணையை வகுப்பறையிற் கழிக்கவிடாது செய்த குற்றம் எம்முடையது. ஒரேயொரு வினா கேட்டிருந்தாற் போதும்: “ஏன் தம்பி பிந்தினாய்?”

ஒழுங்கு வேண்டாமோவென்று சிலர் கேட்பர். வேண்டும்; ஐயமில்லை. மணியடித்தபின் எவரும் எப்பொழுதும் வரலாமென்றால் அது கல்லூரியன்று, சந்தை. சோம்பலாற் பிந்துவோரும் உளர். அவர்க்குத் தண்டனை நன்றே. சோம்பலையும் துன்பத்தையும் பிரித்தறிவது ஆசிரியரின் வேலையன்றோ, பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அதனை எதிர்பார்க்கலாமோ எனின், எதிர்பார்க்கலாம் என்பதே எமது துணிபு. ஆசிரியருக்குத் தெரியாத செய்தி அயல் லயத்து மாணவனுக்குத் தெரியும். யார் காலையில் உண்ணாது வந்தான், யாருடைய வீட்டில் தந்தை குடித்துவிட்டுப் புத்தகத்தை அடுப்பிலிட்டார், யார் அடுத்த மாதம் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப்படவிருக்கின்றாள் என்பனவற்றை முதலில் அறிபவர் மாணவரே. அறிந்ததை உரியவரிடத்துக் கொண்டுசெல்லுதலே தலைமை. பெயரெழுதத் தெரிந்தவன் கங்காணி. காரணங் கேட்கத் தெரிந்தவன் தலைவன்.

இதற்கு எடுத்துக்காட்டுகளைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் ஆங்கிலங் கற்றுப் புலமையெய்தியவர். அக்கல்வியைக்கொண்டு தோட்டத்தை மறந்து வாழ்ந்திருக்கலாம். அவர் ஆசிரியரானார், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியானார், தொழிற்சங்கப் பணி செய்தார், லயங்களிற் கேட்ட மக்கள் பாடல்களை ஏட்டிலேற்றித் தந்தார். 1984இல் மறையும்வரை அவருடைய செவி லயத்தின் பக்கமே இருந்தது. ஹற்றன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர்களையும் எண்ணுக. 1960களில் மலைநாட்டு இளைஞரைக் கல்வியின்பாலும் தன்மானத்தின்பாலும் திரட்டிய பெருமை அவருக்குண்டு. 1999இல் அவர் மறைந்தபின்னும் அவர் பெயரால் நினைவுப் பேருரைகள் நடைபெறுகின்றன. அவர் வகித்த பதவிக்காகவா அவரை நினைக்கின்றனர்? கைதூக்கிவிடப்பட்டவர்கள் நினைக்கின்றனர்.

இனிக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. முற்காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்வோர்க்குத் ‘துண்டு’ என ஒன்று வேண்டியிருந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இக்கங்காணியையும் இவனுடைய ஆட்களையும் விடுவிக்கின்றேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசியே துண்டு. அக்கடனிற் பெரும்பகுதி, தொழிலாளி தான் வாங்கியது எதுவென்றே அறியாதது. கப்பற் கூலி, வழிச் சோறு, கம்பளி யாவும் அவன் தலையில் எழுதப்பட்டன. தந்தை விட்டுச்சென்ற கடன் மகன்மீது ஏறிற்று. 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

இன்று கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவர் கையிலும் ஒரு கடதாசி கொடுக்கப்படுகின்றது. அதனை விடுகைப் பத்திரம் என்கின்றோம். அதிற் கடன் எதுவும் எழுதப்படுவதில்லை; நடத்தை நன்று என்றும், மாணவ முதல்வராய்ப் பணியாற்றினார் என்றுமே எழுதப்படுகின்றது. எழுதப்படாமையால் கடனில்லை என்று கொள்ளலாமோ? அண்ணன் படிப்பதற்காகத் தங்கை ஒன்பதாம் வகுப்போடு நின்ற வீடுகள் உள்ளன. மகனுடைய பிரத்தியேக வகுப்புக்காகத் தோட்டிலிருந்த ஒரு பவுணை அடகுவைத்த தாய்மார் உளர். தாம் கற்ற கல்லூரியில் இடம் வெறுமையானதாலேயே தமக்கு ஆசிரியரின் கவனம் கிடைத்ததென்பதை உணராத மாணவரும் உளர். பழைய துண்டிலுள்ள கடன் தொழிலாளியைக் கட்டியது. மனமார ஏற்கும் இக்கடன் எவரையும் கட்டுவதில்லை. தமிழிலே கடன் என்னுஞ் சொல்லுக்குக் கொடுக்கவேண்டியது என்றும் செய்யவேண்டியது என்றும் இருபொருள் உண்டு. நாம் கூறுவது இரண்டாவதையே.

செய்யவேண்டியது யாது என்பதைப் பொதுப்படக் கூறி முடித்தல் எளிது. அவ்வாறு முடித்த கட்டுரைகள் நமது பழைய மலர்களில் ஏராளம், நாமும் எழுதியிருக்கின்றோம். இம்முறை மூன்று செயல்களைப் பெயரிட்டுக் கூறுகின்றோம்.

முதலாவது, வாயிலிற் பிந்தி வருவோரைப் பதியும் குறிப்பேட்டில் பெயர், வகுப்பு என்பவற்றுக்குப் பக்கத்தே காரணத்துக்கும் ஒரு நிரல் இடுக. மூன்று நாள் தொடர்ந்து ஒரே பெயர் வருமாயின், அம்மாணவனைத் தண்டிக்குமுன் மாணவ முதல்வர் ஒருவர் வகுப்பாசிரியருடன் சேர்ந்து அவன் நிலையை விசாரிக்குக. இதற்கு ஒரு சதமுஞ் செலவில்லை.

இரண்டாவது, உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் புகும்வரை நமது மாணவர் பல மாதங்கள் காத்திருக்கின்றனர். அம்மாதங்களில் விடைபெற்ற வகுப்பினர் வாரத்தில் ஒருநாள் தத்தந் தோட்டத்திலே, கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்குக. பெரிய ஆசிரியரை வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு அப்பாடத்தை எழுதித் தேறியவனே, அது எங்கே விளங்காது போகும் என்பதை நன்கறிவான்.

மூன்றாவது, பழைய மாணவராகிய எமக்கு. யூபிலி ஆண்டில் நினைவுத் தோரணவாயில் எழுப்புதல், பொற்பதக்கம் வழங்குதல் முதலிய கருத்துகள் எங்கும் எழுவது வழக்கம். அவற்றை விரும்புவோரின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தோரணவாயில் நின்று நிலைக்கும், கண்ணுக்கும் அழகே. ஆயின் அவ்வாயிலுக்குள் நுழைய முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு அதனாற் பயன் யாது? அக்காசைக்கொண்டு பேருந்துப் பருவச்சீட்டும் காலையுணவும் கொடுக்கும் நிதியொன்று தொடங்குவோம். 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என நிர்ணயிக்கப்படுதற்கே ஆண்டுக்கணக்கிற் போராட்டம் நடைபெற்றது. அச்சம்பளத்தில் இரு பிள்ளைகளின் பேருந்துக் காசைக் கழித்துப் பார்ப்போர் எமது கோரிக்கையின் நியாயத்தை உணர்வர்.

இவற்றோடு ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. பிரியாவிடை விழாவில் வகுப்பின் பெயர்ப்பட்டியலை வாசிக்கும்போது, அத்தொகுதியோடு ஆறாம் வகுப்பிற் சேர்ந்த யாவருடைய பெயரையும் வாசிப்போமாக. வந்தவர் எழுந்து நிற்பர். வராதவர் பெயர் ஒலித்து அடங்கும். அந்த அமைதியைக் கேட்கும் இளைய மாணவ முதல்வர்கள், தாம் ஏற்கும் சின்னத்தின் எடையை அறிந்துகொள்வர்.

விடைபெறும் தம்பிமாரே, தங்கையரே! உங்களைப் போற்றுகின்றோம். உங்களுட் சிலர் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்வீர்கள். சிலர் கல்வியியற் கல்லூரிக்குச் சென்று ஆசிரியராவீர்கள். சிலர் வேலைதேடிக் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்வீர்கள். சிலர் தோட்டத்திலேயே நிற்பீர்கள். எவ்வழி சென்றாலும் நீங்கள் நமது கல்லூரியின் மக்களே. தேறாதவரைத் தாழ்வாக எண்ணாதீர்கள். வீட்டுக்குச் சென்றதும் உங்கள் விடுகைப் பத்திரத்தை முதலில் அன்னையின் கையிற் கொடுங்கள். அவர் எழுத்தறியாதவராயின், அதனை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதில் எழுதப்படாத வரியொன்று உண்டென்பதை அவர் அறிவார், நீங்களும் அறிவீர்கள்.

புதிதாகச் சின்னம் அணியும் மாணவ முதல்வர்காள்! நாளைக் காலை வாயிலில் நிற்பீர்கள். மூடுபனியினூடே, நனைந்த காலணியுடன், மூச்சிரைக்க ஒரு பிள்ளை ஓடி வரும். குறிப்பேட்டைத் திறக்குமுன் அதன் முகத்தைப் பாருங்கள். நாம் கேளாது விட்ட வினாவை நீங்கள் கேளுங்கள்.

கல்லூரியன்னை வாழ்க! அவள் மடியிலிருந்து எழுந்து செல்வோரும், ஏறமுடியாது நின்றோரும் நலம்பெற்று வாழ்க!